அம்மாவோட முடி சாமிகிட்ட இருக்கு

தோட்டம், பகாவ்
12 மே 2024

ஜம்பு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. கன்னம் ஜம்புக்காய் மாதிரிச் சிவந்திருக்கிறதென்று அப்பா வைத்த பேர். நீ கல்யாணம் கட்டி அம்பாங்கானுக்குப் போனதும் ஷாமினி என்றே கூப்பிடப் பழகிக்கொண்டேன், உன் புருஷன் வீட்டார் சிரிப்பார்களே என்று. இப்போது பேனாவை எடுத்தவுடன் இதுதான் முதலில் வருகிறது.

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பிருந்தால் சிரிக்காதே. போனில் பேசினால் போதாதா என்று உன் மாமா கேட்கிறார். எப்படிப் பேசுவது? மணி அடித்தால் உன் மகள் தனுஷாதான் ஓடிப்போய் எடுக்கிறாள். நீ பேசி அனுப்புவதையெல்லாம் எனக்கு முன்னால் அவள் கேட்டுவிடுகிறாள். பலகை வீடு வேறு, இந்த அறையில் மூச்சு விட்டால் அடுத்த அறையில் கேட்கும். உனக்கு மார்பில் புற்றுநோய் என்பது பிள்ளை காதில் விழவே கூடாதென்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். அதனால் தாள்தான் நல்லது. முதலாம் ஆண்டுப் பிள்ளை, அச்செழுத்தைத்தான் கூட்டிப் படிக்கிறாள். என் கோழிக் கிறுக்கல் அவளுக்கு விளங்காது. உன் புருஷன் சுகு பிள்ளையைப் பார்க்க வரும்போது கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவரிடமே கொடு.

தனுஷா நன்றாக இருக்கிறாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. வகுப்பில் எட்டே பிள்ளைகள், அதனால் வாத்தியார் இவளை நாளெல்லாம் பேச விடுகிறாராம். சோறு சாப்பிடத்தான் அழிச்சாட்டியம்.

நீ முடியிறக்கிவிட்டுப் போனதிலிருந்து இங்கே அதுதான் பேச்சு. மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடும், அதற்கு முன்னாலேயே அம்மன் கோயிலில் இறக்கிவிட்டால் பிள்ளை வேண்டுதல் என்று நம்பிக்கொள்வாள் என்று நீ சொன்னாய். சரியென்றுதான் எனக்கும் பட்டது. மறுநாளே பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அத்தை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாடி லோகா, திருவிழாகூட இல்ல, தங்கச்சி வந்து மொட்டை போட்டுட்டுப் போறா. என்னா வேண்டுதலு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனுஷா சொன்னாள், "சொல்லக் கூடாது பாட்டி. சொன்னா பலிக்காது. அம்மா என்கிட்டயே சொல்லல."

அத்தைக்கு மூஞ்சி தொங்கிப்போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். மாயாண்டி அண்ணன் உன் தலையில் தண்ணீரைத் தெளித்துக் கத்தியை வைத்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் உதடு அசைந்தது. நான் பார்த்தேன். வேண்டுதலே பொய் என்றால் உதடு எதற்கு அசைந்தது? நீ இருந்த அதே கல்லில் உட்கார்ந்து நானும் ஒரு தடவை முடி கொடுத்தவள்தான். எதற்கென்று ஊருக்கே தெரியும். அம்மன் முடியை வாங்கிக்கொண்டாள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். என்ன வேண்டிக்கொண்டாய்?

மருந்து ஏற்றியதும் எப்படி இருக்கிறதென்று எழுது.

லோகா


அம்பாங்கான்
26 மே 2024

லோகாக்கா,

உன் கடிதத்தை அவர் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்தார். வேர்வையில் பாதி ஊறிப்போய்விட்டது. அடுத்த தடவை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடு.

வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. கத்தி ஜில்லென்று இருந்தது, வாய் தானாக அசைந்திருக்கும். பொய் சொல்கிறவள் கொஞ்சம் நடிக்கவும் வேண்டாமா? என்னைச் சாமியாடி ஆக்கிவிடாதே.

மருந்து சிவப்பாக இருக்கிறது அக்கா. சிராப் தண்ணி மாதிரி. கையில் ஊசி குத்தி மெதுவாக உள்ளே விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒண்ணுக்குப் போனால் அதுவும் சிவப்பு. ரத்தம் என்று கத்தி அவரை எழுப்பிவிட்டேன். ஊசி போட்ட மிஸ்ஸி முன்னாலேயே சொல்லித்தான் இருந்தார், நான்தான் பயத்தில் காதில் வாங்கவில்லை. வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி.

மருந்து ஏற்றுகிற வாரம் லீவு. மற்ற வாரங்களில் பேக்டரிக்குப் போகிறேன். வீட்டில் சும்மா படுத்திருந்தால் கை தன்னால் கட்டியைத் தடவிப் பார்க்கப் போகிறது. லைனில் என் பக்கத்தில் உட்காரும் மலாய்க்கார அக்கா, காக் ரொகாயா, ஒரு துணித்தொப்பி கொடுத்தார், அவர்கள் தலையை மூடும் தூடோங்குக்கு உள்ளே போடுவது. அதைப் போட்டுக்கொண்டு போனால், புதிதாக வேலைக்கு வந்த வங்காளத்துப் பையன் எனக்குச் சலாம் சொல்கிறான். நானும் பதில் சலாம் சொல்லிவிடுகிறேன். பாவம், அவனை எதற்குக் குழப்ப வேண்டும்?

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அன்றைக்குக் கேட்டாய், சொல்லவில்லை. குளிக்கும்போது கையில் தட்டியது. பால்கட்டு என்று நினைத்துக்கொண்டேன். தனுஷா பால் மறந்து ஐந்து வருஷமாகிறது, பால்கட்டு எங்கிருந்து வரும்? அது தெரிந்தும் அப்படியே நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன்.

அவளுக்கு ஏன் சொல்லக் கூடாது என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைக்கிறாய் என்று தெரியும். நம் அம்மா படுத்தபோது எனக்கு இவள் வயது. எல்லோரும் என் தலைக்கு மேலேயே பேசினார்கள், "தாங்காது, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து முதல் வேலையாக அம்மா மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சுடுகிறதா என்று. அந்த வருஷம் முழுக்க நான் வேறு எதுவும் செய்யவில்லை. விளையாடினதே இல்லை. அப்படி ஒரு வருஷம் தனுஷாவுக்கு வேண்டாம். கட்டி சுருங்கியதும் வெட்டி எடுத்துவிடுவார்கள், முடி முளைத்துவிடும், அவள் ஒன்றும் தெரியாமலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவளுக்குத் தலையில் பேன் பார்.

ஷாமி


தோட்டம், பகாவ்
7 ஜூலை 2024

ஜம்பு,

பெரிய தொல்லை ஒன்று வந்திருக்கிறது. நீ படித்துவிட்டுச் சிரிப்பாயா அழுவாயா தெரியவில்லை.

போன தடவை நீ வந்தபோது பின்பக்கக் கால்வாயோரம் குனிந்து வாந்தியெடுத்தாய் அல்லவா? பஞ்சாலை அத்தை துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். உன் உடம்பும் மருந்தில் ஊதிப்போய், வயிறும் முகமும் உப்பலாக இருந்தது. நீ போன மறுநாள் வந்தாள். தனுஷா வாசல் படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"நீ மறைச்சா எனக்குத் தெரியாதாக்கும். மசக்கைதான? ஆம்பளப் புள்ளைக்கு முடி குடுத்திருக்கா. ஏழு வருசம் கழிச்சு அம்மன் கண்ணத் தொறந்துட்டா பாரு!"

"அதெல்லாம் இல்லத்த, நீங்க சும்மா இருங்க."

"எனக்கா சொல்லித் தர்ற? நாலு பெத்தவ நான். அது ஆம்பளப் புள்ள வாந்திதான்."

தனுஷா கையில் மாங்காயோடு எழுந்து நின்றாள். "எனக்குத் தம்பியா பாட்டி?"

"பின்ன? ஒங்கம்மா வயித்த நீ பாக்கல?"

அத்தையை நான் என்ன சொல்லி நிறுத்துவது? மசக்கை இல்லையென்றால் பின்னே என்ன வாந்தி என்பாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடியதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள் இரண்டு பேரும்.

அன்றைக்கு விளக்கு வைக்கும்போது பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "நான் சொல்லல பெரியம்மா. அவங்களாத்தான் கண்டுபிடிச்சாங்க. அப்ப பலிக்கும்தானே?"

பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டாள். வாத்தியார் வழியில் பார்த்து எனக்கு வாழ்த்துச் சொல்கிறார். தம்பிக்குப் பேர்கூட வைத்தாயிற்று, ரஜீவன். "யாருடி அது ரஜீவன்?" என்றால், "என் கிளாஸ்ல இருக்கான். அழிரப்பர பாதி ஒடைச்சுக் குடுத்தான்" என்கிறாள். அவளுடைய சின்ன வயதுத் துணிகளை நீ இங்கே மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனாயே, அதைப் பிரித்து, ஆம்பளப் பிள்ளைக்கு ஆகும், ஆகாது என்று இரண்டு குவியலாகப் போடுகிறாள். பூப்போட்டதெல்லாம் ஆகாதாம். ஆகும் என்பதை மடித்து ஒரு பையில் வைத்திருக்கிறாள்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போகிறாய் என்றால் இப்போதெல்லாம் அவள் சந்தோஷப்படுகிறாள். என்ன செய்யட்டும்? சொல்.

லோகா


அம்பாங்கான்
20 ஜூலை 2024

லோகாக்கா,

படித்துவிட்டுச் சிரித்தேன். சத்தமாகச் சிரித்ததில் அவர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு அவரே படித்தார். அவர் சிரிக்கவில்லை. லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்படியே இருக்கட்டும் அக்கா. ஒன்றும் செய்யாதே. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், இதைவிட நல்ல பொய் எனக்கு வந்திருக்காது. வாந்தி, மொட்டை, ஆஸ்பத்திரி, உப்பின உடம்பு எல்லாவற்றுக்கும் பஞ்சாலை அத்தை ஒரே பதில் கொடுத்துவிட்டாள். பிள்ளை பயமில்லாமல் தூங்குகிறாள். நான் அவள் வயதில் தூங்கினதே இல்லை.

பின்னால் பிள்ளை கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நாலு நாள் அழுவாள், மறந்துவிடுவாள்.

டாக்டர் கட்டி இன்னும் எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லை என்கிறார். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இது சிவப்பு இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஆனால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. பேக்டரியில் சின்னச் சாமான்களைப் பிடிக்க முடியவில்லை. சூப்பர்வைசர் என்னைப் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் என்னிடம் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டு, உடனே சுவரைப் பார்க்கிறார். எல்லோருமே அப்படித்தான்.

ரஜீவன் நல்ல பேர்.

ஷாமி


தோட்டம், பகாவ்
11 ஆகஸ்ட் 2024

ஷாமினி,

இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். ஆறட்டும் என்று இரண்டு நாள் பார்த்தேன். ஆறவில்லை.

வீரமுத்து மகன் ஆடித் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு காவடி எடுத்தான். நீ முடியிறக்கிய நாளைக்கு மறுநாள்தான் அவனுக்கும் மொட்டை போட்டார்கள். இப்போது அவனுக்குச் சீப்பு வைத்து வாருகிற அளவு முடி. தனுஷா அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள், "அம்மாவுக்கு மட்டும் ஏன் இன்னும் வளரல பெரியம்மா? போன வாரம் வீடியோல துணி நழுவுச்சு, நான் பாத்தேன்."

அவளே சொல்லிக்கொண்டாள். "அம்மா திரும்பத் திரும்பக் குடுக்குதா? ஒரு தம்பிக்கு எத்தன வாட்டி முடி குடுக்கணும்?"

சாமிக்குப் பொங்கல் வைக்கப் போனேன். அடுப்பு மூட்டிவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். தேடிக்கொண்டு கோயில் பின்பக்கம் போனால், மாயாண்டி அண்ணன் எதிரில், நீ உட்கார்ந்த அதே கல்லில், பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு.

"பெரியவங்க இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேம்மா. போ, ஒங்க பெரியம்மாவக் கூட்டிட்டு வா."

"நீங்க வைங்க தாத்தா. அம்மாவோடது பத்தல. நானும் குடுத்தா சாமிக்குப் போதும்."

நான் கையைப் பிடித்துத் தூக்கினேன். தூக்குகிற வேகத்தில் முழங்கால் கல்லில் இடித்துத் தோல் உரிந்துவிட்டது. அவள் அதற்கு அழவில்லை. "வுடு பெரியம்மா, அம்மா ஒண்டியா குடுக்குது" என்று அழுதாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. பஞ்சாலை அத்தை, "அடடா, தம்பி மேல எவ்வளவு ஆசை பாரு" என்கிறாள்.

ஷாமினி, அவள் பயப்படக் கூடாதென்று நீ சொன்ன பொய் இது. அவள் பயப்படத்தான் செய்கிறாள். எதற்கென்று தெரியாமல் பயப்படுகிறாள், அவ்வளவுதான். நீ அம்மா மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது எனக்கும் தெரியும். அம்மா பிழைக்க மாட்டாள் என்று உனக்குச் சொன்னவள் நான்தான். பதினாறு வயதில் எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாது. ஆனால் சொன்னதால்தானே கடைசி நாளில் நீ பள்ளிக்கூடம் போகாமல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்? அதுவாவது உன்னிடம் இருக்கிறதே. இவளிடம் என்ன இருக்கும்? ஒரு பை துணியா?

நீ வந்து சொல். இல்லை, நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டும் இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன்.

லோகேஸ்வரி


அம்பாங்கான்
17 ஆகஸ்ட் 2024

அக்கா,

அவள் என் பிள்ளை. நான் பெற்றவள். அவளிடம் எதை எப்போது சொல்வதென்று நான்தான் முடிவு செய்வேன். நீ ஒரு வார்த்தை சொன்னாலும் மறுநாளே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். என்னால் நடக்க முடிகிறதோ இல்லையோ.

இங்கேயும் கூட்டி வராதே. கண் புருவம்கூட இல்லாமல் இருக்கிறேன். என்னை இப்படிப் பார்த்துவிட்டு இதையே காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கவா?

உனக்கு அம்மன் கொடுக்காததை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்காதே.

ஷாமினி


தோட்டம், பகாவ்
6 அக்டோபர் 2024

ஜம்பு,

இத்தனை நாள் எழுதவில்லை. சுகு வந்து போகும்போதெல்லாம் கீரையும் கருவாடும் கொடுத்தனுப்பினேனே தவிர, தாளை எடுக்க மனம் வரவில்லை. நீயும் எழுதவில்லை.

நீ எழுதிய அந்தக் கடைசி வரியை வேலைக்காட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டே அதையே நினைப்பேன். முதலில் கோபம். பிறகு ஒரு நாள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். காலையில் தனுஷாவுக்குத் தலை வாரிப் பின்னல் போடும்போது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவள் என் பிள்ளை என்று நினைக்கத்தான் செய்கிறேன். அது உண்மை. உடனே என் கையை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நீ சொல். நான் சொன்னால் பிள்ளைக்குப் பெரியம்மா சொன்னதாக இருக்கும். அம்மா சொன்னதாக இருக்காது.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் அப்படியே இருக்கிறது.

நேற்று சுகு வந்தார். லாரியைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கதவைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கினார். பிறகு, "அக்கா, அவள என்னால மாடிப்படி ஏத்த முடியல. தூக்கிட்டுப் போனா ஒடம்புல ஒண்ணுமே இல்ல, சின்னப் புள்ளையத் தூக்கற மாதிரி இருக்கு" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து மகளோடு சிரித்துப் பேசினார். நல்ல நடிகர் ஆகிவிட்டார் உன் புருஷன். நாம் எல்லோருமே ஆகிவிட்டோம்.

என்ன சொன்னார்கள் ஆஸ்பத்திரியில்? என்னிடமாவது மறைக்காதே.

லோகா


அம்பாங்கான்
26 அக்டோபர் 2024

லோகாக்கா,

கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று பார்க்காதே. படுத்துக்கொண்டே எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது.

வெட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நுரையீரலில் இருக்கிறது, எலும்பிலும் இருக்கிறது. டாக்டர் சின்னப் பெண், என்னைவிடச் சின்னவள். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டு, சுகு படி இறங்கும்போதே திருப்பிக் கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது, நீதான் பக்கத்தில் இருந்தாய்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தனுஷாவைக் கூட்டி வா. நானே சொல்கிறேன். தீபாவளியன்று வேண்டாம், பாவம், புதுச் சட்டை போட்டுப் பட்டாசு வெடிக்கட்டும்.

சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். காக் ரொகாயா பார்க்க வந்தபோது அவரைப் பிள்ளையாக நினைத்துக்கொண்டு மலாயில் சொல்லிப் பார்த்தேன். மலாயில் சுலபமாக வருகிறது. அவர்தான் அழுதார், நான் அழவில்லை. அவர் போனதும் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் வாய் போக மாட்டேன் என்கிறது.

நீ சொல், எதை முதலில் சொல்வது? தம்பி இல்லை என்பதையா, அம்மாவுக்கு நோய் என்பதையா? தம்பி இல்லை என்றால் அதற்கே அழுது முடித்துவிடுவாள், பிறகு மற்றதற்குக் கண்ணீர் இருக்காது. ஒரு வேளை அதுதான் நல்லதோ என்னவோ.

ரெட்டைப் பின்னல் போட்டுக் கூட்டி வா. என்னைப் பார்த்து பயந்து பின்வாங்கினால் நீ முதுகைத் தள்ளாதே. அவளாக வரட்டும்.

ஷாமி


தோட்டம், பகாவ்
24 நவம்பர் 2024

ஜம்பு,

இதை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியாமலேயே எழுதுகிறேன். சுகு நேற்று வந்தார். போகும்போது பழக்கத்தில் வாசலில் நின்று கடிதத்துக்குக் கையை நீட்டினார். பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாய். சனிக்கிழமையே போய்விட்டாய்.

காலையில் சுகு போனில் சொன்னார். தனுஷாதான் எடுத்தாள். "அப்பா பெரியம்மாகிட்டக் குடுக்கச் சொல்லுது" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தாநாள் மிச்சம் வைத்த கம்பி மத்தாப்பை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்ததும், "இன்னிக்கே போறோம், அம்மாகிட்ட" என்றேன். அவள் ஓடிப்போய் அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "தம்பி வந்துட்டானா?" என்றாள். நீ சொன்ன மாதிரி ரெட்டைப் பின்னல் போட்டேன். வகிடு கோணிப்போனது.

காரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். உன் மாமா ஓட்டினார், பஞ்சாலை அத்தை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோலா பிலா வரும்வரை வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டிருந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி எப்படிச் சொல்வது? அம்பாங்கான் வந்துவிட்டது.

உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டிக் கூறைச் சேலை கட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சுமங்கலி என்று பொட்டு வைத்து, மஞ்சள் பூசி, தலைக்குப் பூ வைக்க ஒரு முழம் மல்லிகையைக் கையில் எடுத்த பெண், அப்படியே நின்றுவிட்டாள். வைக்க முடி இல்லை. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி குண்டூசி தேடினாள்.

தனுஷா என் கையை விட்டுவிட்டு உன் பக்கத்தில் வந்து நின்றாள். பின்வாங்கவில்லை, ஜம்பு. நான் முதுகைத் தள்ளவும் இல்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்த பூவைப் பார்த்தாள். "அம்மாவோட முடி சாமிகிட்ட இருக்கு" என்றாள். பூவை வாங்கி உன் நெற்றியிலிருந்து காது வரைக்கும் வளைத்து வைத்தாள். நழுவாமல் இருக்கத் தலையணைக்குக் கீழே இரண்டு முனையையும் சொருகினாள். பிறகு பெட்டிக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நாற்காலிகளுக்கு நடுவே பார்த்தாள்.

"தம்பி எங்க பெரியம்மா?"

பஞ்சாலை அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

நான்தான் சொன்னேன். உன் பக்கத்திலேயே, உனக்குக் கேட்கிற மாதிரி. "தம்பி இல்லடா. தம்பி எப்பவுமே இல்ல. அம்மாவுக்கு நெஞ்சுல நோவு. பெரிய நோவு. அந்த மருந்துலதான் முடி கொட்டும்னு முன்னாலயே எறக்கிடுச்சு. நீ பயப்படக் கூடாதுன்னு சொல்லல."

அவள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வாந்தி?"

"மருந்து."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் உன்னைப் பார்த்து அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் அழுதாள், கையிலிருந்த துணிப்பையை என் மேல் வீசிவிட்டு. சின்னச் சட்டைகள் பந்தல் பூராவும் சிதறின. சுகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு நீலச் சட்டையை உன் கால்மாட்டில் வைத்தார். அது உன்னோடுதான் போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தனுஷா என்னோடுதான் இருக்கிறாள். லாரியை விட்டால் சுகுவுக்கு வேறு வழியில்லை. மூன்று வாரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் போட்டதைத் தின்பாள், பள்ளிக்கூடம் போவாள், பின்னலுக்குத் தலையைக் கொடுப்பாள். இரவில் எழுந்து வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். நான் தூங்குகிற மாதிரியே படுத்திருக்கிறேன். நீ எதற்குப் பயந்தாயோ அது வந்துவிட்டது, ஜம்பு. நாம் இரண்டு பேரும் சேர்ந்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

நேற்றுத்தான் வாய் திறந்தாள். சுகு போனதும் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கோயில் பூட்டியிருந்தது. பின்பக்கக் கல்லில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"பெரியம்மா, வேண்டுதல் முடிஞ்சா வெளில சொல்லலாம்தானே?"

"சொல்லலாம்."

"அப்ப சொல்லு. தம்பி இல்லன்னா, அம்மா வேற என்னா வேண்டிக்கிச்சு?"

"ஒண்ணும் வேண்டிக்கலடா. சும்மா எறக்குச்சு."

"பொய் சொல்லாத. நான் பக்கத்துலதான் நின்னேன். வாய் அசைஞ்சுச்சு."

நான் பார்த்ததை அவளும் பார்த்திருக்கிறாள். இனி அவளிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று பந்தலிலேயே தீர்மானித்துவிட்டேன். தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லேன் என்றாள். கேட்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் அவளுக்காக மட்டும் கேட்கவில்லை. அவள் இறங்கி ஓடியதும் அந்தக் கல்லில் நான் உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் எனக்கு ஒரு பிள்ளை கொடு தாயே என்று முடியைக் கொடுத்த கல். இப்போது என் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். காலையில் பின்னல் போடுகிறேன். சட்டென்று எழுந்துவிட்டேன். அம்மன் யாருடைய முடிக்கு யாருடைய வரத்தைக் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ நடிப்பு என்று எழுதினாய். நடிக்கிறவர்கள் அவ்வளவு மெதுவாக உதட்டை அசைக்க மாட்டார்கள். நீ உன் உயிரைக் கேட்டாயா, பிள்ளைக்கு ஓர் இடத்தைக் கேட்டாயா?

கத்தி தலையில் பட்டபோது என்ன சொன்னாய், ஜம்பு?